வண்டி நின்றால் நஷ்டம் யாருக்கு? வாகன மேலாண்மைப் பங்குகள் வாங்கும் முன்

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளின் வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். போன சீசனில் அப்படியொரு வரிசையில் மாட்டிக்கொண்ட என் மனைவியின் தம்பி, பொழுது போகாமல் எனக்குப் போன் செய்தான். காவேரிப்பட்டணத்தில் மூன்று லாரி வைத்திருப்பவன்.

"மாமா, நம்ம வண்டில மாட்டியிருக்கிற ஜிபிஎஸ் கம்பெனி ஷேர் மார்க்கெட்ல இருக்காம். கொஞ்சம் வாங்கிப் போடலாமா? இங்க நிக்குற இருபது வண்டில பதினஞ்சுல அவங்க பொட்டிதான் இருக்கு."

எனக்குக் கேள்வி பிடித்திருந்தது. யாரோ சொன்ன டிப்ஸை வைத்துக் கேட்கவில்லை, தன் கண்ணால் எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்கிறான். ஆனால் இருபதில் பதினைந்து என்ற கணக்கு, பெட்டி நன்றாக விற்கிறது என்று மட்டும்தான் சொல்லும். பெட்டி விற்றவருக்குக் கையில் என்ன மிஞ்சுகிறது என்று சொல்லாது. தர்மபுரியில் சின்ன லாரி உரிமையாளர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலை எனக்கு. வருடம் முழுக்க வாடகை வாங்கியவர்கள் மார்ச் மாதம் நோட்டைப் புரட்டிவிட்டு, "அவ்ளோ பணமும் எங்கண்ணா போச்சு?" என்று கேட்பதைப் பார்த்துப் பழகியவன். அந்தக் கேள்வியைத்தான் பங்கு வாங்கும் முன்பும் கேட்க வேண்டும்.

முதலில், வாகன மேலாண்மை என்றால் என்ன? ஒரு லாரி வைத்திருப்பவருக்கு எல்லாம் மனசிலேயே இருக்கும். எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, என்றைக்கு முடிகிறது, இன்சூரன்ஸ் எப்போது, எந்த டயரை ரீட்ரெட் போட வேண்டும், டிரைவருக்கு எவ்வளவு பேட்டா கொடுத்தோம் என்று எல்லாம் விரல் நுனியில். மூன்று லாரி ஆனால் ஒரு டைரி வேண்டும். முந்நூறு ஆனால் அதற்கென்றே ஒரு ஆபீஸ் வேண்டும். அந்த ஆபீஸ் வேலையைத் தனித் தொழிலாக எடுத்துச் செய்வதுதான் வாகன மேலாண்மை, பேச்சு வழக்கில் ஃப்ளீட் மேனேஜ்மென்ட். வண்டி வாங்கித் தருவது, கடன் ஏற்பாடு, பராமரிப்பு, டீசல் கார்டு, சுங்கக் கட்டணம், டிரைவர், எங்கே போகிறது என்ற கண்காணிப்பு, கடைசியில் பழைய வண்டியை விற்றுத் தருவது என்று இதில் எதுவும் அடங்கும். ஒரு நிறுவனம் இதில் ஒன்றை மட்டும் செய்யும், இன்னொன்று எல்லாவற்றையும் செய்யும். சந்தையில் இரண்டுக்கும் ஒரே பெயர். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

விடியற்காலையில் தர்மபுரி நாற்சந்தியில் நின்றால் ஓசூர், போச்சம்பள்ளிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்களும் வேன்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்க்கலாம். கண்ணாடியில் தொழிற்சாலையின் பெயர் இருக்கும். வண்டி அவர்களுடையது அல்ல. ஒப்பந்தம் எடுத்திருப்பவர் வேறு ஒருவர். சில நேரம் அந்த ஒப்பந்தக்காரருக்கும் சொந்த வண்டி இருக்காது. பாலக்கோட்டிலோ காரிமங்கலத்திலோ டியூ கட்டிக்கொண்டிருக்கும் ஒருவருடைய வேனைத்தான் அவர் ஓட்ட வைத்திருப்பார். ஆக ஒரே வேனுக்குப் பின்னால் மூன்று பேர். ஒப்பந்தம் ரத்தாகி அந்த வேன் இரண்டு மாதம் சும்மா நின்றால் மூன்று பேரில் யாருடைய தூக்கம் கெடும்?

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இந்த ஒரு கேள்விதான். நிறுவனத்தின் பெயர், ஆப் எவ்வளவு அழகு, விளம்பரத்தில் யார் வருகிறார் என்பதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். வண்டி நின்றால், வண்டியின் விலை இறங்கினால், நஷ்டம் யார் மடியில் விழும்?

நம் நாட்டுச் சந்தையிலேயே வெவ்வேறு பதில் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஹூப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட வி.ஆர்.எல். லாஜிஸ்டிக்ஸ் 2015 ஏப்ரலில் பங்குச் சந்தைக்கு வந்தது. அது முதன்மையாகச் சரக்குப் போக்குவரத்து நிறுவனம், பெரும்பாலும் தன் சொந்த லாரிகளை ஓட்டுகிறது. வண்டியும் அவர்களுடையது, வண்டியின் தலைவலியும் அவர்களுடையது. 2024 செப்டம்பரில் பட்டியலான ஈகோஸ் இந்தியா மொபிலிட்டி பெரிய நிறுவனங்களுக்கு ஊழியர் போக்குவரத்தும் டிரைவருடன் கார் வாடகையும் ஏற்பாடு செய்து தருகிறது. அதன் கீழ் ஓடும் வண்டிகளில் பெரும்பகுதி வெளி உரிமையாளர்களுடையவை. 2024 நவம்பரில் பங்கு ஒன்று 273 ரூபாய் விலையில் வெளியீடு கண்ட ஜின்கா லாஜிஸ்டிக்ஸ், அதாவது லாரிக்காரர்கள் பிளாக்பக் என்று அறிந்த நிறுவனம், லாரி உரிமையாளர்களுக்கு ஃபாஸ்டேக், டீசல் கார்டு, ஜிபிஎஸ், லோடு பிடித்துத் தருவது, வண்டிக் கடன் என்று சேவைகள் விற்கிறது. லாரி நம்மவர்களுடையது, சேவை அவர்களுடையது. இவற்றில் எதையும் வாங்கு என்றோ விற்று விடு என்றோ நான் சொல்லவில்லை. ஒரே சாலையில் ஓடினாலும் மூன்றும் வேறு வேறு தொழில்கள் என்று காட்டத்தான் பெயர் சொன்னேன்.

சொந்த வண்டி வைத்திருக்கும் வகையை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். இது புரிந்தால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

ஒரு நிறுவனம் 500 வேன் வாங்குகிறது. ஒன்று 16 லட்சம். மொத்தம் 80 கோடி. கைக்காசு 20 கோடி, மீதி 60 கோடி கடன். வட்டி 10 சதவீதம் என்றால் வருடத்துக்கு 6 கோடி. ஒரு வேனுக்கு மாதம் 75,000 ரூபாய் பில் போடுகிறார்கள், அதாவது வருடம் 9 லட்சம். 500 வேனுக்கு 45 கோடி வரவு. டிரைவர் சம்பளம், டீசல், பராமரிப்பு, இன்சூரன்ஸ், ஆபீஸ் செலவு எல்லாம் சேர்த்து 25 கோடி போனால் மிச்சம் 20 கோடி.

நிறுவனத்தின் விளக்கப் படங்களில் பெரிய எழுத்தில் போடுவது இந்த 20 கோடியைத்தான். இதற்கு ஈபிட்டா என்று பெயர். வட்டியும் வரியும் தேய்மானமும் கழிக்காத லாபம். மாவு ஆலைக்கோ மென்பொருள் கம்பெனிக்கோ இந்த எண்ணால் ஏதாவது பயன் இருக்கலாம். வண்டி வைத்துப் பிழைப்பவருக்கு இது, "டியூவும் வண்டி தேயுறதும் போக மத்ததெல்லாம் கழிச்சாச்சுண்ணா" என்று சொல்வது மாதிரி. டியூ கட்டுவதற்கு முன்னால் காவேரிப்பட்டணத்தில் எல்லாருமே பணக்காரர்கள்தான்.

கழித்துப் பார்ப்போம். வேனை ஆறு வருடம் ஓட்டி 4 லட்சத்துக்கு விற்கலாம் என்று வைத்துக்கொண்டால், 12 லட்சம் ஆறு வருடத்தில் தேய்கிறது. வருடத்துக்கு 2 லட்சம், 500 வேனுக்கு 10 கோடி. வட்டி 6 கோடி. ஆக வரிக்கு முந்தைய லாபம் 4 கோடி. போட்ட கைக்காசு 20 கோடிக்கு 4 கோடி என்றால் 20 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது ஒரு பெரிய வாடிக்கையாளர் ஷிப்டைக் குறைக்கிறார். 60 வேன் வருடம் முழுக்க ஷெட்டில் நிற்கிறது. 500-இல் 60 என்பது 12 சதவீதம்தான். வரவில் 5 கோடியே 40 லட்சம் போச்சு. ஓடாத வண்டிக்கு டீசலும் சில்லறைச் செலவும் மிச்சம், வேனுக்கு 2 லட்சம் என்று வைத்தால் 1 கோடியே 20 லட்சம். வட்டி நிற்காது, தேய்மானம் நிற்காது, இன்சூரன்ஸ் நிற்காது, நல்ல டிரைவரை அனுப்பிவிட்டால் திரும்பக் கிடைக்க மாட்டார் என்பதால் சம்பளமும் நிற்காது. நிகரக் குறைவு 4 கோடியே 20 லட்சம். 4 கோடி லாபம் போய், 20 லட்சம் நஷ்டம்! எட்டில் ஒரு பங்கு வண்டிகூட நிற்கவில்லை, லாபம் முழுசாகப் போய்விட்டது. அதனால்தான் இந்த வகை நிறுவனங்களில் "எத்தனை வண்டி வைத்திருக்கிறோம்" என்ற எண்ணைவிட "அவற்றில் எத்தனை ஓடுகிறது" என்ற எண் முக்கியம். ஆண்டறிக்கையில் பயன்பாட்டு விகிதம் என்று வரும். அந்த எண்ணையே தராத நிறுவனம் என்றால் எனக்குக் கொஞ்சம் நெருடும்.

அதே கணக்கில் இன்னொரு வேடிக்கை. அறுபது வண்டி நிற்கவேயில்லை, எல்லாம் முன்பு போலவே ஓடுகிறது. நிறுவனம் உட்கார்ந்து யோசித்து, "நம் வேன் ஆறு வருடம் அல்ல, எட்டு வருடம் ஓடும்" என்று முடிவெடுக்கிறது. தேய்மானம் வேனுக்கு 2 லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சமாகிறது. மொத்தத்தில் 10 கோடி ஏழரைக் கோடியாகிறது. லாபம் 4 கோடியிலிருந்து ஆறரைக் கோடி! எந்த வேனும் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடுதலாக ஓடவில்லை. பேனாவால் வந்த லாபம். சில நேரம் இந்த மாற்றம் நியாயமானதாகவும் இருக்கும், வண்டி உண்மையிலேயே நீடித்து உழைக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் ஆண்டறிக்கையில் கணக்குக் குறிப்புகள் பகுதியில் சொல்லித்தான் ஆக வேண்டும். முன்பக்கத்துப் படங்களைப் புரட்டிவிட்டுப் பின்பக்கத்துச் சின்ன எழுத்துக்குப் போவது நல்ல பழக்கம். கூடவே பணப்புழக்க அறிக்கையையும் பாருங்கள். பேனாவால் வந்த லாபம் அங்கே பணமாகத் தெரியாது.

சொந்த வண்டி என்றால் ஆபத்து, அடுத்தவர் வண்டி என்றால் பத்திரம் என்று இதை முடித்துவிடலாமா? முடியாது. ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் என்பதோடு விஷயம் நின்றுவிடுவதில்லை. இதற்குக் கனடாவிலிருந்து ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

டொரொண்டோ பங்குச் சந்தையில் எலிமென்ட் ஃப்ளீட் மேனேஜ்மென்ட் என்ற நிறுவனம் இருக்கிறது. வாகன மேலாண்மையை மட்டுமே தொழிலாகச் செய்யும் உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று. பெரிய கம்பெனிகளுக்குத் தேவையான கார்களையும் வேன்களையும் தானே வாங்கிக் குத்தகைக்குக் கொடுக்கிறது, பராமரிப்பு, எரிபொருள், விபத்துக் கணக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கட்டணம் வாங்குகிறது. வண்டிக்குப் போட்ட பணம் அவர்களுடையது. ஆனால் வட அமெரிக்காவில் அவர்கள் போடும் குத்தகைகளில் பெரும்பாலானவற்றில் ஒரு நிபந்தனை உண்டு. கடைசியில் வண்டியை விற்கும்போது கணக்கில் மீதியிருக்கும் தொகையைவிடக் குறைவாக விலை போனால், வித்தியாசத்தை வாடிக்கையாளர் கட்ட வேண்டும். கூடப் போனால் அதுவும் அவருக்கே. அதாவது காசு போடுவது எலிமென்ட், பழைய வண்டி விலை இறங்கினால் அடி வாடிக்கையாளருக்கு. இரவில் நிம்மதியாகத் தூங்க வைக்கும் ஏற்பாடு.

அதே நிறுவனம் ஒரு இடத்தில் மட்டும் வழி மாறியது. செலடன் என்ற அமெரிக்க லாரி நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, கனரக லாரிகளை ஓட்டுநர்களுக்கும் போக்குவரத்து நிறுவனங்களுக்கும் குத்தகைக்கு விடும் தனிக் கம்பெனியில் பணம் போட்டது. இங்கே அந்தப் பாதுகாப்பு நிபந்தனை இல்லை. பழைய லாரி விலை இறங்கியது, வண்டிகள் ஆள் இல்லாமல் நின்றன, அடி நேராகத் தன் மடியிலேயே விழுந்தது. 2018-இல் எலிமென்ட் அந்த முதலீட்டில் பெருந்தொகையை நஷ்டமாக எழுதித் தள்ளியது, பங்குதாரர்களுக்குத் தரும் ஈவுத்தொகையைக் குறைத்தது, புதிய பங்குகளை வெளியிட்டுப் பணம் திரட்டியது. புதுத் தலைமை வந்து அந்தக் கூட்டிலிருந்து விலகிய பிறகுதான் மூச்சு விட்டது. செலடன் 2019 டிசம்பரில் திவால் மனுப் போட்டது. எலிமென்ட்டின் முக்கியத் தொழிலில் பெரிய கோளாறு இல்லை. ஒப்பந்தத்தின் ஒரு வரிதான் வேறு.

ஆகவே கேட்க வேண்டியது ஆர்.சி. யார் பெயரில் என்பதல்ல. விலை இறங்கும்போது யார் கை கடிக்கும் என்பது. இதை நம் ஊர் பழைய வண்டி வியாபாரிகள் பட்டறிவால் நன்றாகவே அறிவார்கள்.

இனி மச்சான் கேட்ட வகைக்கு வருவோம். பெட்டி மாட்டி, ஆப் கொடுத்து, சந்தா வாங்கும் வகை.

இதன் பயன் உண்மையானது. தொப்பூர் கணவாயில் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் வண்டியை விடும் பழக்கம் எத்தனை உயிரை வாங்கியிருக்கிறது என்று இந்தப் பக்கத்தில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேகத்தையும் திடீர் பிரேக்கையும் பதிவு செய்யும் கருவி ஒன்று வண்டியில் இருந்தால், சேலம் தாண்டிய பிறகு டிரைவரிடம் பேசுவதற்கு உரிமையாளர் கையில் ஒரு சான்று இருக்கும். டீசல் டேங்கில் சென்சார் இருந்தால் நடுராத்திரியில் அளவு சட்டென்று குறைவது தெரியும். கூடவே சட்டமும் இந்தத் தொழிலைத் தள்ளிவிட்டது. பஸ், டாக்சி போன்ற பயணிகள் வாகனங்களில் கண்காணிப்புக் கருவியும் அவசரப் பொத்தானும் வேண்டும் என்ற ஏ.ஐ.எஸ். 140 விதி 2019 முதல் புது வண்டிகளுக்கு வந்தது. 2021 பிப்ரவரியிலிருந்து சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் கட்டாயம். கிருஷ்ணகிரி டோலில் ரொக்கத்துக்காகக் கால் மணி நேரம் நின்ற காலம் போய், லாரிக்காரர் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு ஆப்பில் பணம் ஏற்ற வேண்டிய காலம் வந்தது.

இங்கே வண்டி நின்றால் நஷ்டம் யாருக்கு? வண்டிக்காரருக்கு. நிறுவனத்துக்கு வட்டி இல்லை, தேய்மானம் குறைவு. அப்படியானால் இதுதான் நல்ல பங்கா?

அன்றைக்கு மச்சானிடம் ஒன்று கேட்டேன். "மூணு வண்டிலயும் ஜிபிஎஸ் ஓடுதா மாப்ளே?"

"ரெண்டுல ஓடுது மாமா. மூணாவது வண்டிக்கு சந்தா முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. அந்த வண்டிக்கு நம்ம சித்தப்பா பையன்தான் டிரைவரு, போன் பண்ணா எங்க இருக்கான்னு சொல்லிடறான். அதுக்கு எதுக்கு காசு?"

பங்கு வாங்க நினைக்கும் ஆளே சந்தாவைக் கட்டவில்லை! மூன்று பெட்டி மாட்டியாச்சு என்று நிறுவனம் விளக்கப் படத்தில் பெருமையாகப் போட்டிருக்கும். காசு தருவது இரண்டு. 'மாட்டிய பெட்டிகள்' ஒரு எண், 'கட்டணம் கட்டும் பெட்டிகள்' இன்னொரு எண். எந்த எண்ணை முன்னால் வைக்கிறார்கள் என்று பாருங்கள்.

விட்டுப் போகும் வாடிக்கையாளர் கணக்கு பார்ப்பதற்குச் சின்னதாக இருக்கும். 50,000 பெட்டி வைத்திருக்கும் ஒரு கற்பனை நிறுவனத்தில் மாதம் 100-க்கு 2 பேர் மட்டும் விலகுகிறார்கள் என்று வையுங்கள். பன்னிரண்டு மாதத்தில் ஏறத்தாழ 10,750 பேர் போயிருப்பார்கள். அதாவது அடுத்த வருடம் அதே இடத்தில் நிற்கவே 10,750 புது ஆள் பிடிக்க வேண்டும். ஒரு ஆள் பிடிக்கக் கருவிக்கும் கமிஷனுக்கும் 3,500 ரூபாய் செலவு, மாதச் சந்தா 200 என்றால், போட்ட காசு திரும்பவே பதினேழரை மாதம். ஒன்றரை வருடத்துக்கு முன்பே விலகும் ஒவ்வொருவரும் நிறுவனத்துக்கு நஷ்டம். அதனால்தான் இந்த வகையில் விற்பனை வேகமாக வளர்ந்துகொண்டே நஷ்டமும் வருவது சாதாரணம். 2021 டிசம்பரில் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்த சம்சாரா இந்தத் தொழிலில் பெரிய பெயர். வருடச் சந்தா வருமானம் 100 கோடி டாலரைத் தாண்டிய பிறகும் அது நிகர நஷ்டத்தில்தான் இருந்தது. பெயரைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம், சம்சாரம் என்றாலே செலவுதான் என்று என் நண்பர் ஒருவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

இன்னொன்று. ஜிபிஎஸ் பெட்டியை விற்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் எதிரிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். ஒருவர் விலை குறைத்தால் மற்றவரும் குறைக்க வேண்டும். வாடிக்கையாளர் பெட்டியோடு நில்லாமல் ஃபாஸ்டேக், டீசல் கார்டு, கடன் என்று ஒரே இடத்தில் பின்னிக்கொண்டால் விலகுவது சிரமம். இரண்டு வண்டிக்காரர் ஒருவர் சும்மா விலகிவிடுவார். தன் கணக்கு மென்பொருளையே இதனோடு இணைத்துவிட்ட முந்நூறு வண்டி நிறுவனம் லேசில் விலகாது. ஆக வாடிக்கையாளர் யார் என்பதும் ஒரு கேள்வி. ஆனால் பெரிய வாடிக்கையாளர் என்றால் வேறு வலி, பில் போட்டு மூன்று மாதம் கழித்துத்தான் பணம் வரும். வரவேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமாக ஏறினால், நம் ஊர் பாஷையில், வாடகை நோட்டில் இருக்கிறது, பையில் இல்லை.

இதெல்லாம் எங்கே படிப்பது? புதிதாக வெளியீடு வரும் நிறுவனம் என்றால், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் தளத்தில் அதன் வரைவு ஆவணம் இலவசமாகக் கிடைக்கும். நூற்றுக்கணக்கான பக்கம். பயப்பட வேண்டாம், 'அபாயக் காரணிகள்' என்ற அத்தியாயம் போதும். முதல் பத்து வாடிக்கையாளர்களிடமிருந்து எவ்வளவு வருமானம், எந்த வழக்குகள் நிலுவையில், எந்த வருடம் நஷ்டம் என்று நிறுவனமே தன் வாயால் சொல்லியிருக்கும். பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி நாலு இடத்தில் விசாரிப்பார்கள். இங்கே மாப்பிள்ளையே தன் குறைகளை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறார். அதைப் படிக்காமல் வாங்குவது நம் சோம்பல்தான்.

அந்தச் சோம்பலுக்கு நான் கொடுத்த விலையையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்த தகவலை நம்பி, எஸ்.எம்.இ. பிரிவில், அதாவது சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான பிரிவில், பட்டியலான ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் பங்கை வாங்கினேன். பெயர் வேண்டாம். எஸ்.எம்.இ. பங்குகளை ஒன்றிரண்டாக வாங்க முடியாது, கட்டுக் கட்டாகத்தான், அதாவது லாட் கணக்கில். பெரிய கட்டு என்பதால் கையிலிருந்த பணமெல்லாம் அதிலேயே போனது. விலை இறங்க ஆரம்பித்ததும் விற்கப் போனேன். தினமும் காலையில் கீழ் வரம்பில், அதாவது அன்றைக்கு இறங்க அனுமதியுள்ள கடைசி விலையில், போய் நிற்கும், வாங்க ஆளே இருக்காது. தக்காளி விலை விழுந்த நாளில் ராயக்கோட்டையில் லோடோடு நிற்கிற மாதிரி. ஆறு நாள் கழித்து விற்றது பாதி விலைக்கு. அப்புறம்தான் ஆவணத்தைத் திறந்து பார்த்தேன். வருமானத்தில் பெரும்பகுதி ஒரே வாடிக்கையாளரிடமிருந்து என்று அபாயக் காரணிகளில் தெளிவாக எழுதியிருந்தது.

வாங்கும் முறை பெரிய விஷயமில்லை, சட்டென்று சொல்லிவிடலாம். பான், ஆதார், வங்கிக் கணக்கு இருந்தால் செபியில் பதிவு பெற்ற தரகரிடம் பங்குகளை வைத்துக்கொள்ளும் டிமேட் கணக்கு தொடங்கலாம். இன்று வாங்கினால் அடுத்த வேலை நாளில் பங்கு கணக்கில் இருக்கும். எலிமென்ட், சம்சாரா போன்ற வெளிநாட்டுப் பங்குகள் வேண்டுமென்றால் ரிசர்வ் வங்கியின் திட்டத்தில் ஒருவர் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். நமக்கு அந்த உச்சவரம்பு ஒரு தடையாக இருக்கப் போவதில்லை. உள்நாட்டுப் பங்கை ஒரு வருடத்துக்குள் விற்று லாபம் வந்தால் 20 சதவீதம் வரி, ஒரு வருடம் கடந்தால் ஆண்டுக்கு 1.25 லட்சம் லாபம் வரை வரியில்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் இந்த விகிதம். எவ்வளவு போடுவது என்பதற்கு என்னிடம் ஒரு முரட்டுக் கணக்கு உண்டு. அடுத்த எஃப்.சி.க்கும் இன்சூரன்ஸுக்கும் எடுத்து வைத்த பணத்தில் கை வைக்கக் கூடாது. லாரிக்காரருக்கு இன்னொன்றும் உண்டு. அவர் பிழைப்பே வண்டித் தொழிலில்தான். சேமிப்பையும் அதே தொழில் பங்கில் போட்டால், சரக்கு குறையும் வருடத்தில் வாடகையும் குறையும், பங்கும் இறங்கும். இதை மச்சானிடம் சொன்னபோது அவனுக்குப் பிடிக்கவில்லை. தெரிந்த தொழிலில்தானே போட வேண்டும் என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

விலை மலிவா அதிகமா என்று பார்க்க எல்லாரும் சொல்வது பி.இ. விகிதம், ஒரு ரூபாய் லாபத்துக்கு எத்தனை ரூபாய் கொடுக்கிறோம் என்ற கணக்கு. வேன் நிறுவனத்தின் 4 கோடி லாபமும் பெட்டி நிறுவனத்தின் 4 கோடி லாபமும் ஒன்றல்ல என்று மேலே பார்த்தோம். ஆகவே வி.ஆர்.எல். போன்ற ஒன்றின் பி.இ.யை பிளாக்பக் போன்ற ஒன்றின் பி.இ.யோடு வைத்து எது மலிவு என்று பார்ப்பது, டாரஸ் லாரியின் மைலேஜை மொபெட்டின் மைலேஜோடு ஒப்பிடுவது போல. சொந்த வண்டி வகைக்கு, போட்ட மொத்தப் பணத்துக்கு, அதாவது கைக்காசும் கடனும் சேர்த்து, எத்தனை சதவீதம் சம்பாதிக்கிறார்கள் என்று பாருங்கள். நம் கற்பனை வேன் கம்பெனியில் வட்டிக்கு முந்தைய லாபம் 10 கோடி, போட்ட பணம் 80 கோடி, பன்னிரண்டரை சதவீதம். கடன் வட்டி 10. இடைவெளி இரண்டரைதான். அந்த இரண்டரைக்காக 500 வேனைக் கட்டி மேய்க்கிறார்கள்.

மச்சான் அந்த ஜிபிஎஸ் பங்கை வாங்கினானா என்று கேட்பீர்கள். இன்னும் இல்லை. அதற்குப் பதில் வேறு ஒரு நிறுவனத்தின், சொந்த லாரி வைத்திருக்கும் நிறுவனத்தின், ஆண்டறிக்கையைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டு லோடு ஏறும் இடத்திலெல்லாம் படிக்கிறான். ஆங்கிலம் புரியாத இடத்தை போட்டோ எடுத்து அனுப்புவான். போன வாரம் இரவு ஒன்பது மணிக்கு சூளகிரியிலிருந்து கூப்பிட்டான்.

"மாமா, பின்னாடி சின்ன எழுத்துல ஒண்ணு போட்டிருக்கான். லாரி ஆயுசை முன்னாடி போட்டதை விட ரெண்டு வருஷம் கூட்டிட்டாங்களாம். நம்ம ரோட்டுல, இந்த லோடுல, எந்த வண்டி மாமா அவ்ளோ வருஷம் தாங்குது? என் பழைய வண்டி இஞ்சின் வேலைக்கு நிக்குறப்ப நாலரை வருஷம்."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே நான் கண்ணாடியைத் தேடினேன்.